பட்டம் பெறாத பேராயர்

திட்டக்குடிப் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடையொன்று உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளிலே வேலை பார்த்துவிட்டு மாலைப் பேருந்தில் வந்திறங்கும் தோழர்களும், வயற்காட்டு வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வரும் தோழர்களும் கூடும் இடம் அது. படிப்பவர் ஒருவர், கேட்பவர் பத்துப் பேர். நாளிதழ் அங்கே அப்படித்தான் படிக்கப்படுகிறது.

சென்ற வாரம் நாமும் அங்கே இருந்தோம். எங்கோ ஓர் ஊரில் திருச்சபைத் தேர்தல், இரு தரப்பு, வழக்கு, பூட்டிய கதவு, காவலுக்குப் போலீசு என்று செய்தி வந்திருந்தது. படித்து முடித்ததும் சூளைத் தோழர் ஒருவர் கேட்டார்: அந்தச் சபைக்குத் தலைவனாக வருவதற்கு என்னதான் தகுதி? ஒருவர், வேதப் படிப்பிலே பட்டம் வேண்டும் என்றார். இன்னொருவர், ஆங்கிலம் பொழிந்து தள்ளத் தெரியவேண்டும் என்றார். மூன்றாமவர் குறும்புக்காரர், எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணத் தெரிந்தால் போதாதா என்றார். சிரித்தோம். ஆனால் சிரிப்போடு விட்டுவிடக்கூடிய கேள்வியா அது? தலைமைக்குத் தகுதி எது என்ற கேள்வி, மாதா கோவிலுக்கு மட்டுமா? சங்கத்துக்கும் உண்டு, மன்றத்துக்கும் உண்டு, நாடாளும் மன்றத்துக்கும் உண்டு!

கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரையில் விடை புதிதாகத் தேடவேண்டியதில்லை. ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். பவுல், தீமோத்தேயு என்ற இளைஞருக்கு எழுதியதாக அவர்கள் வேதத்திலே இருக்கும் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில், கண்காணிப்பு வேலைக்கு வருபவன் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும் என்ற பட்டியலே இருக்கிறது. குற்றம் சாட்ட இடமில்லாதவன், ஒரு மனைவியோடு வாழ்பவன், குடிக்கு அடிமையாகாதவன், கை ஓங்காதவன், பணத்தாசை பிடிக்காதவன், வந்தவர்க்குச் சோறு போடுபவன், கற்பிக்கத் தெரிந்தவன், தன் வீட்டை ஒழுங்காக நடத்துபவன், நேற்று வந்து இன்று தலைக்கனம் ஏறாதவன், இவ்வளவுக்கும் மேலாக, வெளியாரிடத்திலும் நற்பெயர் எடுத்தவன். பட்டியலின் சாரம் இது.

இதில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்பதைத்தான் நாம் பார்க்கச் சொல்லுவோம். தோலின் நிறம் இல்லை. பிறந்த குலம் இல்லை. எந்தக் கலாசாலையின் பட்டம் என்ற கேள்வி இல்லை. எழுதிய ஏட்டில் இல்லை. ஆனால் ஏட்டைக் கையில் ஏந்தியவர்களின் நெஞ்சிலே இருந்தது! அந்த நெஞ்சங்களோடு மோதிய ஒரு தமிழரின் வாழ்க்கையைத்தான் அன்று தோழர்களுக்குச் சொன்னோம். தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா என்றால் கிறிஸ்தவ வீடுகளில் தெரியாதவர் இல்லை. மற்ற வீடுகளிலும் தெரியவேண்டிய பெயர் அது.

முதலில் நம் மாவட்டத்துக்கு உரிய ஒரு செய்தி. கடலூரிலே ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்த ஒருவர், ஆரோன் என்று பெயர் பூண்டு, 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியிலே குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தக் கிறிஸ்தவத்தில், இந்தியாவிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர். கடலூரான் குருவானான், 1733இல். சரி, பேராயரானது எப்போது? ஆங்கிலிக்கன் சபை, இந்தியன் ஒருவனை அந்த நாற்காலியில் அமர்த்தியது 1912இல்! ஆரோன் லுத்தரன் சபைக்காரர், இது வேறு சபை என்பது உண்மைதான். எனினும் கணக்குப் பாருங்கள், நூற்று எழுபத்தொன்பது ஆண்டு. மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடையே நம்மவர்களே ஆயர்களாக இருந்துவந்தனர். வெள்ளையர் நடத்திய சபைகளிலேதான் இந்த நூற்றாண்டுக் கணக்கான காத்திருப்பு. கத்தோலிக்கரிலும், லத்தீன் முறையில், இக்காலத்தின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியஸ் ரோச் தூத்துக்குடிக்கு வந்தது 1923இல்தான்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874 ஆகஸ்டு 17 அன்று, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்திலே இருக்கிறது. தேரிக்காடும் பனங்காடுமான பூமி. தந்தை தாமஸ் வேதநாயகம், இளமையில் கிறிஸ்தவம் தழுவிப் பின்னர் அந்த ஊர்ச் சபைக்கே குருவானவர். தாய் எல்லன், கண்டிப்புக்காரர். பெண் ஒன்று பிறந்து, அதன்பின் நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து, வேண்டிப் பெற்ற மகன் என்பதால் சாமுவேல் என்று பெயர்.

நாடார் குலம். அந்தக் காலத்தில் அதன் பொருள் என்ன என்பதை இளந்தோழர்கள் அறிந்துகொள்ளவேண்டும். தோளிலே சீலை போடும் உரிமைக்காகத் தென்திருவிதாங்கூரில் அந்தக் குலத்துப் பெண்கள் அடிபட்டு, 1859இல்தான் அரசாணை வந்தது. கமுதிக் கோவிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக அவர்கள்மீது வழக்கு. இலண்டன் பிரிவி கௌன்சில்வரை போய், 1908இல் தோற்றுத் திரும்பினர். சிவகாசி கொள்ளை 1899இல். அப்போது அசரியாவுக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. கோவில் வாயிலில் நிற்காதே என்று ஒரு பக்கம் விரட்டு. மாதா கோவிலுக்குள் வா, ஆனால் பீடத்தருகே தலைமை கேட்காதே என்று மறுபக்கம் அணை. இரண்டுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளை!

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்தார். பள்ளிப் பருவத்திலேயே தந்தை மறைந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். பின்னாளில் தேசியப் பணியிலே பேர் பெற்ற கே.டி.பால் அங்கே அவருடைய தோழர். தேர்வு நேரத்தில் நோய் வந்தது, பட்டம் பெறவில்லை. மீண்டும் எழுதவுமில்லை. ஆமாம் தோழர்களே, அந்த மனிதர் பி.ஏ. அல்ல! பிற்காலத்தில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் அவரைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் சூட்டிற்று. பட்டம் அவரைத் தேடி வந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை.

வாலிபர் கிறிஸ்தவ சங்கம் என்ற ஒய்.எம்.சி.ஏ.யில் 1895இல் ஊழியரானார். ஊர் ஊராகச் சுற்றினார். அங்கே ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்க இளைஞர் அவருக்குத் தோழர். இருவரும் ஒன்றாகப் பயணம் போனார்கள், ஒன்றாக உண்டார்கள், வாதாடினார்கள். வெள்ளையனும் கறுப்பனும் தோழர்களாக இருக்க முடியும் என்பதை அசரியா ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அனுபவத்தில் கண்டார். கண்டதனாலேதான், அது இல்லாத இடத்தில் அவருக்கு உறுத்திற்று.

1898இல் திருமணம். மணமகள் அன்பு மாரியம்மாள். தென்னாட்டில் கல்லூரிப் படிப்பு படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். வரதட்சிணை வேண்டாம் என்று மறுத்த மாப்பிள்ளை இவர். நம் தோழர்களின் வீடுகளில் நடக்கும் திருமணங்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம், கோபித்துக்கொள்ளவேண்டாம்.

1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தக் காசிலே ஆள் அனுப்பி, கடல் கடந்து, நம் தொண்டிப் பக்கத்தில் வேலை செய்வதைக் கேள்விப்பட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. திருநெல்வேலியில் கிறிஸ்தவர் தொகைக்குக் குறைவில்லை, கோபுரத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் சீமைப் பணம், சீமைத் துரை, சீமைக் கட்டளை! ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905 டிசம்பர் 25 அன்று, வங்காளத்துச் செராம்பூரில், தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் நம்மவர், பணம் நம்முடையது, நடத்துவதும் நாமே என்பது அதன் அடிப்படை. வங்கப் பிரிவினையால் சுதேசி நெருப்பு மூண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைவில் வையுங்கள். சோறு ஆக்கும்போது கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சங்கத்துக்குத் தந்த பெண்களின் காசு அதிலே கலந்திருக்கிறது. நம் தோழர்கள் உண்டி குலுக்கி மன்றம் கட்டியதில்லையா? அதே வழி.

சங்கம் அமைப்பது ஒன்று. சங்கத்தின் வேலைக்குத் தானே போவது வேறொன்று. பலர் முதலாவதோடு நின்றுவிடுவார்கள். அசரியா நிற்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.யில் நாடறிந்த பதவி. டோக்கியோ மாநாட்டுக்கு 1907இல் போய்வந்த மதிப்பு. அதையெல்லாம் உதறிவிட்டு, 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் சீமையில் தோர்ணக்கல் என்ற இரயில் சந்திப்பூருக்குப் போனார். கூடாரத்திலே குடியேறினார். தெலுங்கு தெரியாது, உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஊர்மக்கள் மாலர், மாதிகர் எனப்பட்ட தாழ்த்தப்பட்டோர். ஜமீன்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தவர்கள், ஊர்க் கிணற்றுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள்.

அடுத்த ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பேர் கூடிய அவையில் ஆசிய முகங்கள் இருபதைத் தாண்டாது. அந்த அவையிலே பேச அழைத்தார்கள் அசரியாவை. பொருள்: வெள்ளை ஊழியர்க்கும் உள்நாட்டு ஊழியர்க்கும் உள்ள உறவு. நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் கைதட்டு காதைப் பிளந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது வேறு. சம்பளம் கொடுக்கும் எசமானனுக்கும் வாங்கும் வேலையாளுக்கும் உள்ள உறவாக அது இருக்கிறது என்றார். கூடவே பல்லாண்டு வேலை செய்யும் இந்திய குருவானவரை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை உணவிட்டறியாத மிஷனெரிகள் உண்டு என்றார். உங்கள் தியாகத்தையெல்லாம் ஏற்கிறோம், உயிரையும் பொருளையும் கொடுத்தீர்கள், ஆனால் நாங்கள் கேட்பது நட்பு என்ற கருத்தோடு முடித்தார்.

அவை அதிர்ந்தது! சிலர் கைதட்டினர். பலர் உதட்டைக் கடித்தனர். வீட்டுக்குள்ளே விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனைக் குறை சொல்லலாமா என்று கொதித்தனர் சிலர். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த மேடையிலே இச்சகம் பேசி இறங்கியவர்களின் பேச்சு எவருக்காவது நினைவிருக்கிறதா? அசரியாவின் பேச்சு நூறாண்டு கழிந்தும் உலகத் திருச்சபை வரலாற்றிலே நிற்கிறது. கோபம் இருந்தது, குரோதம் இல்லை. பணிவு இருந்தது, பல்லிளிப்பு இல்லை. இந்த இரண்டையும் ஒரு நாவிலே வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது மேடையேறிய தோழர்களுக்குத் தெரியும்.

சென்னை அத்தியட்சராக இருந்தவர் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயர். தோர்ணக்கல்லுக்குத் தனி அத்தியட்சர் வேண்டும், அவர் அசரியாவாக இருக்கவேண்டும் என்று பாடுபட்டவர் அவரே. வெள்ளையரெல்லாம் ஒரே வார்ப்பு என்று நாம் சொன்னால் அது பொய்யாகும்.

எதிர்ப்பு கிளம்பியது. இந்தியனுக்கு நிர்வாகம் வருமா என்றார்கள். வெள்ளை மிஷனெரி ஒரு கறுப்பரின் கீழ் வேலை செய்வதா என்றார்கள். தமிழனைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்புவதா என்றார்கள். எல்லாம் வெள்ளைக் குரல்கள்தான் என்று எண்ணாதீர்கள்! இந்தியக் கிறிஸ்தவர்களிலேயும் சிலர், அந்தப் பதவியின் கௌரவம் துரைகளிடம்தான் பத்திரமாக இருக்கும் என்று கருதினார்கள். குலத்தைச் சொல்லி முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். ஞானஸ்நானத்தில் நனைந்த பிறகும் நனையாமலே இருந்த சாதி! பவுலின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். குற்றமற்றவரா? ஆம். குடி உண்டா? இல்லை. பணத்தாசை? இருந்தால் தோர்ணக்கல் கூடாரத்துக்கு ஏன் போகிறார்! கற்பிக்கத் தெரியுமா? தெரியும். பட்டியலில் ஒன்றிலும் குறைகாண முடியாதவர்கள், பட்டியலிலேயே இல்லாத தகுதிகளைக் கண்டுபிடித்து, அவை இவருக்கு இல்லை என்றார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் இந்த வித்தையைச் சந்தித்த தோழர்கள் நம்மில் எத்தனை பேர்!

1912 டிசம்பர் 29. கல்கத்தா புனித பவுல் பேராலயம். வெள்ளாளன்விளை குருவானவரின் மகன், முப்பத்தெட்டு வயதில், அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். கமுதி வழக்கு தோற்று நான்கே ஆண்டு.

முதலில் கொடுத்த மறைமாவட்டம் சிறியது. வெள்ளை மிஷனெரிகளுக்குச் சங்கடம் வராதபடி பார்த்து நறுக்கிய துண்டு என்று சொன்னாலும் தவறில்லை. பின்னர் கிருஷ்ணா நதிப் பக்கத்துத் தெலுங்கு மாவட்டங்களும் சேர்க்கப்பட, எந்த வெள்ளையர் கீழ்ப்படிய மாட்டார்கள் என்றார்களோ அந்த வெள்ளையர் அவர் கீழே வேலை செய்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அவர் என்ன செய்தார் என்று சூளைத் தோழர் கேட்டார். பூசை செய்தார் என்று சொன்னால் அவருக்குப் போதாது. நாமும் மோட்ச நரகத்தின் கணக்குப் பார்க்க இதை எழுதவில்லை. தோர்ணக்கல் பேராயர் தம் கிராமங்களில் எதிரிகளென்று குறித்துக்கொண்டவை நான்கு: அழுக்கு, நோய், கடன், குடி. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சேரிசேரியாகப் போனார். சேரிக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். ஊர்த்தெருவில் நின்றுகொண்டு சேரியாரைக் கூப்பிட்டனுப்பவில்லை. கிராமத்துக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தார். அந்த ஆசிரியர் பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் வயலிலிருந்து வந்த பெற்றோருக்கும் கற்பித்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள்; சீமை மெட்டு அல்ல, தெலுங்கு மெட்டு. கூட்டுறவுச் சங்கம் வந்தது, மருந்தகம் வந்தது, அச்சகம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஏட்டோடு மண்வெட்டியும் பிடிக்கவேண்டும் என்றார். உடலுழைப்பைக் கீழாக நினைக்கும் படித்தவன் அந்த மக்களுக்கு எந்த உபயோகமும் இல்லை என்பது அவர் எண்ணம்.

குருவாகப் படிக்க வருபவன் மனைவியோடு வரவேண்டும். அவளும் பாடம் படிக்கவேண்டும் என்பது தோர்ணக்கல் வேதக் கலாசாலையின் ஏற்பாடு. தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று பவுலின் கடிதம் கேட்கிறதல்லவா, அதற்கு அசரியா கண்ட நடைமுறை இது. பெண்ணை அடக்கி வைப்பதுதான் வீட்டை நடத்துவது என்று அவர் பொருள் கொள்ளவில்லை. அன்பு அம்மையாரும் கிராமத்துப் பெண்களிடையே ஓயாமல் உழைத்தார்.

பணம்? சீமையிலிருந்து வருவதை மட்டும் நம்பியிராதே, ஏழையும் கொடுக்கவேண்டும் என்றார். நெல் கொண்டுவந்தார்கள், கோழி கொண்டுவந்தார்கள், முட்டை கொண்டுவந்தார்கள். ஒன்றுமில்லாதவனிடம் வாங்கலாமா என்று சிலர் கேட்டதுண்டு. கொடுப்பவன்தான் தலைநிமிர்ந்து கேள்வி கேட்பான், பெற்றுக்கொள்பவன் கேட்கமாட்டான், அதுதான் கணக்கு. கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப்பற்றித் தனி நூலே எழுதினார் அவர். இங்கே நமக்குத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: காணிக்கை வாங்குகிறவர் கணக்குக் காட்டுகிறவரையில்தான் இந்த வாதம் நிற்கும். இன்றைக்குத் திருச்சபைச் சொத்துக்களைப்பற்றி நடக்கும் வழக்குகளைப் படிப்பவர்களுக்கு, நாம் ஏன் இதைச் சொல்கிறோம் என்று விளங்கும்.

சாதியோடு அவர் நடத்திய போரில் முழு வெற்றி என்று சொல்லமாட்டோம். மாலரும் மாதிகரும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து அருந்தவேண்டும், ஒரே பந்தியில் சாப்பிடவேண்டும் என்று வற்புறுத்தினார். சில ஊர்களில் நடந்தது. சில ஊர்களில் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஆயினும் ஒன்று நடந்தது. சேரி மக்கள் குடியைவிட்டு, படித்து, சுத்தமாக நடப்பதைக் கண்ட மேல்தெருக்காரர்களில் சிலரும் அந்தச் சபையை நாடி வந்தார்கள். வெளியாரிடத்தில் நற்பெயர் என்ற அந்தக் கடைசித் தகுதி, தலைவருக்கு மட்டும் அல்ல, சேரிக்கே வந்துசேர்ந்தது. 1940களின் தொடக்கத்தில் அவர் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அதனாலேயே மோதல். 1930களில் காந்தியார் இந்தக் கூட்டங்கூட்டமான மதமாற்றத்தைக் கண்டித்து எழுதினார். அறியாத ஏழைகள் மனமறிந்து மாறவில்லை என்பது அவர் கட்சி. அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் அறிவித்ததையொட்டி அந்த விவாதம் இன்னும் சூடேறியது. அசரியா அசையவில்லை. ஏழைக்கும் மனச்சாட்சி உண்டு, எது தனக்கு நல்லது என்று தேர்ந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு என்பது அவர் நிலை. அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி என்ற ஏற்பாட்டை 1932இல் எதிர்த்தார். சலுகை வேண்டாம், உரிமை வேண்டும் என்ற நேர்கோடு அது. தனித் தொகுதியைப்பற்றி மாறுபட்ட எண்ணம் கொண்ட தலைவர்கள் நம் நாட்டிலே உண்டு, அம்பேத்கரே அவர்களில் ஒருவர். அந்த வழக்கை இங்கே தீர்த்துவைக்க நாம் முனையவில்லை. தன் கூட்டத்துக்கு இலாபம் வரக்கூடிய ஒன்றை, தவறு என்று பட்டதால் வேண்டாம் என்று சொல்ல ஒரு தலைவருக்கு நெஞ்சு வேண்டும் என்பதை மட்டும் குறிக்கிறோம்.

குறையே இல்லாத மனிதரா? இல்லை. கண்டிப்பு மிகுந்தவர், கீழே வேலை செய்தவர்கள் அஞ்சினார்கள். ஆங்கில அரசோடு முடிச்சுப் போட்ட சபையிலே, ஆங்கில முறையில் அங்கி தரித்து அமர்ந்தவர். அந்தச் சபைக்கும் அரசுக்கும் இருந்த சட்டமுடிச்சு 1930இல்தான் அவிழ்ந்தது. விடுதலைப் போரில் சிறை சென்ற கிறிஸ்தவர்கள் உண்டு. இவர் அந்தப் பாதையில் போகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் புகழ்மாலை கட்டுகிறவர்களாவோம்.

ஆனால் எடின்பரோவில் பேசியவர் வெறும் பேச்சோடு நிற்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று. 1919 மே 1, 2 நாட்களில், தரங்கம்பாடியில், ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாருமாக முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர்கள். சீமையிலே எப்போதோ சண்டையிட்டுப் பிரிந்த சபைகளின் பிரிவினையை நம் மண்ணிலே நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தைக் கூட்டியவர்களில் முன்நின்றவர் அசரியா. ஆரோன் குருப்பட்டம் பெற்ற அதே தரங்கம்பாடி! கேள்விக்கு விடை கிடைக்க இருபத்தெட்டு ஆண்டு பிடித்தது. குழு, கூட்டம், திருத்தம், மறு திருத்தம் என்று இழுத்தார்கள். பேராயர்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதிலே பெரிய இழுபறி. அசரியா ஒவ்வொரு ஆண்டும் போய் உட்கார்ந்து பொறுமையாக வாதாடினார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எடின்பரோவில் அதிர்ச்சி தந்தவர் அங்கே விருந்தோம்பும் பெரியவராக இருந்தார்.

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயத்தைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்: கவிகையும் மினாரும் மசூதியை நினைவூட்டும், தூண்கள் கோவில் மண்டபத்தை நினைவூட்டும், தாமரையும் வாழைப்பூவும் கல்லிலே பூத்திருக்கும். சீமையிலிருந்து கோபுரத்தை இறக்குமதி செய்யவில்லை. கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. காசு வந்தபோது கட்டினார்கள், வராதபோது நிறுத்தினார்கள். சேரிப் பள்ளியை நிறுத்திக் கோபுரத்தை உயர்த்தவில்லை. 1939 சனவரி 6 அன்று திறப்பு.

1945 சனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே அசரியா மறைந்தார். எழுபது வயது. முப்பத்திரண்டு ஆண்டு பதவியில் இருந்தவர், அதைவிடப் பெரிய மறைமாவட்டம், அதைவிடப் பெரிய நகரம் என்று தாவாமல், முதலில் கூடாரம் அடித்த அதே ஊரில் கண்மூடினார். பேராலயத்தின் அருகே அடக்கம் செய்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. நாடு விடுதலையடைந்து ஆறு வாரம். அவர் பார்க்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் இரண்டு முறை விளக்கை அணைக்கப் பார்த்தார். குறும்புக்காரத் தோழர், அந்தத் தேர்தல் செய்தி வந்த தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அசரியா இன்றைக்கு நின்றால் ஜெயிப்பாரா என்று கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. சூளைத் தோழரின் கவலை வேறு. தோர்ணக்கல்லுக்கு எப்படிப் போவது என்றார். விருத்தாசலத்தில் இரயிலேறிச் சென்னை. சென்னையிலிருந்து விசயவாடா வழியாகக் காசிப்பேட்டை போகும் பாதையில் தோர்ணக்கல் சந்திப்பு வரும், இப்போது அது தெலங்கானா என்றோம். சனவரி ஆறாம் நாள் அங்கே திருநாளாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டார். பொங்கலுக்கு முன்னே சூளையில் நாலு நாள் விடுப்புக் கிடைக்குமா என்று மேஸ்திரியைக் கேட்கவேண்டுமாம்.